உப்பு கிடைத்துவிட்ட சுரங்கம்

ஒரு காட்டில், தண்ணீர் குடிக்கக்கூட வரிசையில் நின்று சீட்டு வாங்கப் பழகிவிட்ட ஒரு காட்டில், நாச்சிமுத்து என்றொரு முள்ளம்பன்றி தன் மனைவி வஞ்சியம்மாளோடும் இரண்டு குட்டிகளோடும் வாழ்ந்து வந்தது. யாருடைய வம்புக்கும் போகாது. மழைக்காலத்தில் தோண்டிச் சேர்த்த வள்ளிக்கிழங்கு நாற்பதை வளையின் உள்ளறையில் ஈரம் படாமல் அடுக்கி வைத்திருந்தது. கோடையில் அந்தப் பக்கத்து மண் இறுகிவிடும், நகம் இறங்காது. நாற்பது கிழங்கு இருந்தால் நான்கு உயிரும் அடுத்த மழை வரை தாக்குப்பிடிக்கலாம் என்று வஞ்சியம்மாள் கணக்குப் போட்டு வைத்திருந்தது.

நாச்சிமுத்துவுக்கு ஒரே ஒரு விஷயத்தில் காடு முழுக்கப் பேர் உண்டு. அதன் நாக்கு. மான் உதிர்த்துவிட்டுப் போன கொம்பை ஒரு கடி கடித்து, அந்த மான் எந்த ஓடையில் தண்ணீர் குடித்து வளர்ந்தது என்று சொல்லிவிடும். உப்பு, கசப்பு, துவர்ப்பு எதில் சந்தேகம் வந்தாலும் நாச்சிமுத்துவைத்தான் கூப்பிடுவார்கள். அதிலும் உப்புக்கு அந்தக் காட்டில் பெரும் பஞ்சம். யானைகள் உப்பு மண் தேடி இரண்டு நாள் நடந்து பக்கத்து மலைக்குப் போய் வந்தன. அவ்வளவு தூரம் போக முடியாதவை ஒன்றின் முதுகை ஒன்று நக்கிக்கொண்டன. பார்க்கிறவர்கள் அதைப் பாசம் என்று நினைத்தார்கள்.

அப்படிப்பட்ட காட்டுக்குள் ஒரு தை மாதத்தில் சுகந்தன் வந்து சேர்ந்தது. சுகந்தன் ஒரு புனுகுப்பூனை. அது வருவதற்கு அரை நாழிகை முன்னால் அதன் வாசனை வந்துவிடும். போன பிறகும் இரண்டு நாளைக்கு அங்கேயே இருக்கும். இவ்வளவு மணக்கிற ஒருவர் சொல்வதில் பொய் இருக்க முடியாது என்று முதல் நாளே பாதிக் காடு முடிவு செய்துவிட்டது.

சுகந்தன் ஒரு மரப்பொந்தை வாடகைக்குப் பிடித்து அலுவலகம் போட்டது. வடக்கே இருக்கும் வெண்குன்றின் அடியில் உப்பு கிடக்கிறது, தோண்டி எடுக்க ஒரு கம்பெனி தொடங்கப் போகிறேன், காட்டிலுள்ள எல்லோரும் அதில் பங்கு வாங்கிப் பங்காளிகள் ஆகலாம் என்று அறிவித்தது. அதுவரை அந்தக் காட்டில் பங்காளி என்றால் வளைத் தகராறில் வழக்குப் போட்டவன் என்றுதான் அர்த்தம். இனிமேல் பங்காளி என்றால் லாபம் என்றது சுகந்தன்.

விண்ணப்பம் மொத்தம் அறுபத்து நான்கு தேக்கிலை. முதல் இலையில் குன்றின் பின்னால் சூரியன் உதிக்கும் படம். கடைசி இலையின் அடியில், கறையான் அரித்தது போன்ற பொடி எழுத்தில், தோண்டும் இடத்தில் மண் மட்டுமே இருக்கவும் வாய்ப்புண்டு என்று போட்டிருந்தது. அதைப் படித்தது ஓர் ஆந்தை மட்டும்தான். இவ்வளவு வெளிப்படையாக எழுதுகிறவர்கள் ஏமாற்ற மாட்டார்கள் என்று அதுவும் வரிசையில் போய் நின்றது.

விண்ணப்பத்தோடு நான்கு காலின் தடமும் வைக்க வேண்டும் என்று விதி. அதனால் பாம்புகளின் மனுக்கள் தள்ளுபடி ஆயின. ஒரு மலைப்பாம்பு மட்டும் பின்னால் நின்ற உடும்பிடம் தடத்தை இரவல் வாங்கிப் பதித்துக் கொடுத்தது. வரிசை ஓடையைத் தாண்டி, மூங்கில் புதரைச் சுற்றி, மறுபடி ஓடைக்கே வந்தது. நாச்சிமுத்து மூன்று நாள் நின்றது. பின்னால் நின்ற மான்கள் முள் குத்துகிறது என்று புகார் கொடுத்ததால் அதை இரண்டு முறை வரிசையின் கடைசிக்கு அனுப்பினார்கள்.

ஒரு பங்கின் விலை ஒரு கிழங்கு. பங்குகள் நூறுதான், கேட்டவர்களோ ஆயிரத்துக்கு மேல். யாருக்கு ஒதுக்குவது என்று ஒரு கிளியை விட்டுச் சீட்டு எடுக்கச் சொன்னார்கள். நாச்சிமுத்துவின் சீட்டைக் கிளி அலகால் தொட்டுவிட்டு அடுத்ததை எடுத்தது.

அன்றைக்கு நாச்சிமுத்து வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. தன் கையில் இருந்த எதையும் அது இழக்கவில்லை. நாற்பது கிழங்கும் அப்படியேதான் இருந்தன. இருந்தாலும் பெரிதாக ஏதோ பறிபோனது போல இருந்தது.

பங்குகள் சந்தைக்கு வந்த நாளில் காடே நாவல் மரத்தடியில் கூடியது. விலையைக் காட்டுவதற்கு ஒரு பச்சோந்தியை வேலைக்கு வைத்திருந்தார்கள். விலை ஏறினால் அது பச்சையாகி மரத்தில் மேலே ஏற வேண்டும், இறங்கினால் சிவப்பாகிக் கீழே இறங்க வேண்டும். காலையில் அடிமரத்தில் இருந்த பச்சோந்தி உச்சி வெயிலுக்குள் மூன்றாவது கிளைக்குப் போய்விட்டது. ஒரு கிழங்குக்குக் கிடைக்காத பங்கை நாச்சிமுத்து மூன்று கிழங்கு வீதம் கொடுத்து எட்டு வாங்கியது. இன்னும் தாமதித்தால் அதுவும் கிடைக்காது என்று பக்கத்தில் நின்ற காட்டுக்கோழி சொன்னது. காட்டுக்கோழிதான் விற்றது.

சாயங்காலம் வஞ்சியம்மாள் உள்ளறைக்குள் போய்ப் பார்த்தது. திட்டவில்லை. முதுகைத் திருப்பிக்கொண்டு, முள்ளையெல்லாம் விறைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தது. இரண்டு நாள் அப்படியே இருந்தது. குட்டிகள் நடுவில் போய் மாட்டிக்கொண்டு அழுதன.

அப்போது காட்டில் சிள்வண்டுகள் வாடகைக்குக் கிடைத்தன. ஒன்றைப் பிடித்துக் காதில் வைத்துக்கொண்டால் நிமிஷத்துக்கு ஒரு தடவை பங்கு விலையைச் சொல்லும். நாச்சிமுத்து வேறு வழி தெரியாமல் ஒரு சிள்வண்டைக் கொண்டுவந்து மனைவியின் காதில் வைத்தது. மூன்றாம் நாள் காலையில் வஞ்சியம்மாள் தானாகவே பேசியது.

"ஏனுங்க, இது மூணேமுக்கால்னு சொல்லுதே, அப்படின்னா நம்மளுக்கு எத்தனை கெழங்குங்க?"

முப்பது என்றது நாச்சிமுத்து. உள்ளறையில் சும்மா கிடக்கிற பதினாறு கிழங்கும் இப்படி வளருமா என்று வஞ்சியம்மாள் கேட்டது. அடுத்த வாரம் விலை ஐந்தைத் தொட்டபோது, பதினைந்து கிழங்கைக் கொடுத்து இன்னும் மூன்று பங்கு வாங்கச் சொன்னது அதுதான். வளையில் மிஞ்சியது ஒரு கிழங்கு. அதைக் குட்டிகள் எட்டாத உயரத்தில் வைத்தார்கள்.

இவ்வளவும் நடக்கும்போது வெண்குன்றில் தோண்டிக்கொண்டிருந்தது ஒரே ஓர் அழுங்கு. எறும்புத்தின்னி என்று சொல்வார்களே, அதுதான். பெயர் உடையப்பன். நாச்சிமுத்துவின் வளைக்குப் பின்பக்கத்து வளை அதனுடையது. சின்ன வயதிலிருந்து இரண்டும் ஒரே பாறைக்கு இரண்டு பக்கமும் குடியிருந்தவை. உடையப்பனுக்குத் தோண்டத் தெரியும், வேறு எதுவும் தெரியாது. சுகந்தன் கொடுத்த சம்பளம் நாளைக்கு ஒரு கிழங்கு. எறும்பு தின்கிற பிராணிக்குக் கிழங்கால் என்ன பயன், வாங்கி வாங்கி ஒரு மூலையில் போட்டு வைத்தது.

தினமும் பொழுது சாயும்போது உடையப்பன் குழியிலிருந்து ஏறி வந்து, இன்றைக்கும் மண்தான் என்று சொல்லும். ஒரு மைனா அதை நாவல் மரத்தடியில் அறிவிக்கும். ஒவ்வொரு அறிவிப்புக்கும் விலை ஏறியது. இன்னும் கிடைக்கவில்லை என்றால் இன்னும் ஆழத்தில் இருக்கிறது என்று அர்த்தம், ஆழத்தில் இருப்பது மேலே இருப்பதைவிடப் பெரிதாகத்தான் இருக்கும் என்று கழுதைப்புலி விளக்கியது. கழுதைப்புலி பங்கு விஷயங்களில் கருத்துச் சொல்வதைத் தொழிலாகக் கொண்டிருந்தது. எதைச் சொன்னாலும் முடிவில் சிரிக்கும். அது வேடிக்கைக்குச் சிரிக்கிறதா, அதன் குரலே அப்படியா என்று யாருக்கும் தெரியவில்லை.

ஒரு நாள் நாச்சிமுத்து உடையப்பனை வழியில் மறித்து, சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் கேட்டது.

"உடையப்பா, எங்கிட்ட மட்டும் சொல்லு. உள்ளே என்ன இருக்குது?"

"மண்ணு."

"மண்ணுக்குக் கீழே?"

"அதும் மண்ணுதான்ப்பா. நாளைக்கு இன்னுங் கொஞ்சம் தோண்டினாத் தெரியும்."

நாச்சிமுத்து வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தது. உடன்பிறப்பு மாதிரிப் பழகியவனிடமே மறைக்கிறான் என்றால் உள்ளே இருப்பது சாதாரண உப்பாக இருக்காது. இதை வஞ்சியம்மாளிடம் சொன்னபோது, அந்த ஒற்றைக் கிழங்கையும் போட்டுவிடலாமா என்று அது கேட்டது. குட்டிகள் பார்த்துக்கொண்டிருந்ததால் அன்றைக்கு அந்தப் பேச்சு நின்றது.

மாசி முடிவதற்குள் விலை ஒன்பதைத் தொட்டது. காட்டின் நடப்பே மாறிப்போயிருந்தது. புலி வேட்டையை விட்டுவிட்டு நாவல் மரத்தடியில் படுத்து அண்ணாந்து பச்சோந்தியைப் பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே மான்கள் படுத்திருந்தன. யாரும் யாருடைய முதுகையும் நக்குவதில்லை. உப்பைப் பற்றிய பேச்சு காட்டில் அறவே இல்லை.

பங்குனியில் ஒரு மத்தியான வேளையில், குழியின் அடியில் உடையப்பனின் நகம் எதிலோ பட்டு வழுக்கியது. மண் மாதிரிச் சத்தம் வரவில்லை. துடைத்துப் பார்த்தது. வெள்ளையாக இருந்தது. பக்கவாட்டில் தோண்டியது, அங்கேயும் வெள்ளை. இந்தப் பக்கம் தோண்டியது, யானை படுத்த அகலத்துக்கு வெள்ளை. உடையப்பன் வாழ்நாளில் ஓடியதில்லை. அன்றைக்கு ஒரு கட்டியை வாயில் கவ்விக்கொண்டு, குழியிலிருந்து ஏறி, சுகந்தனின் அலுவலகம் வரைக்கும் ஓடியது.

சுகந்தன் தூங்கிக்கொண்டிருந்தது. எழுந்து அந்தக் கட்டியைப் பார்த்தது. நிஜமாகவே கிடைத்ததா என்று கேட்டது. சற்றுப் பொறுத்து மறுபடியும் அதையே கேட்டது. பிறகு உட்கார்ந்துவிட்டது. அதன் வாசனை நின்றுபோனதை உடையப்பன் அப்போதுதான் முதல் தடவையாகக் கவனித்தது.

மறைப்பதற்கு வழியில்லை. உடையப்பன் ஓடி வந்ததை வழியில் பத்துப் பேர் பார்த்துவிட்டார்கள். மைனா அறிவித்துவிட்டது. காடு முழுவதும் ஆடியது, பாடியது. மறுநாள் காலையில் கழுதைப்புலி குழிக்குள் இறங்கி, கயிறு பிடித்து அளந்து கொண்டுவந்தது. நீளம் இவ்வளவு, அகலம் இவ்வளவு, ஆழம் இவ்வளவு. வகுத்துப் பார்த்தால் ஒரு பங்குக்கு வருஷத்துக்கு நாற்பது நக்கு. நாற்பது நக்கு உப்பு எத்தனை கிழங்கு பெறும் என்று கேட்டது. ஒன்றரை என்று அதுவே சொல்லிவிட்டுச் சிரித்தது.

நேற்று வரைக்கும் அந்தக் குன்றுக்கு அடியில் ஒவ்வொருவர் மனதிலும் ஒரு கடல் இருந்தது. இப்போது அது ஒரு யானை படுக்கிற இடமாகச் சுருங்கிவிட்டது. பச்சோந்தி சிவந்தது. ஒன்பதாவது கிளையில் இருந்தது மத்தியானத்துக்குள் இரண்டாவது கிளைக்கு வந்தது. சாயங்காலம் வேருக்கு வந்து, அதற்கும் கீழே போக வேண்டுமா என்று கேட்டது.

நாச்சிமுத்து வளைக்குத் திரும்பியபோது வஞ்சியம்மாள் காதில் இருந்த சிள்வண்டை எடுத்துத் தரையில் வைத்திருந்தது. சிள்வண்டு அங்கிருந்தும் விலையைச் சொல்லிக்கொண்டேயிருந்தது. குட்டிகள் பசி என்றன. உயரத்தில் இருந்த கிழங்கை எடுத்து வஞ்சியம்மாள் பாதியாக ஒடித்தது. மீதிப் பாதியைத் திரும்ப உயரத்தில் வைத்தது. கோடை முடிய இன்னும் முழுசாக மூன்று மாதம் இருந்தது. அன்று காலையில்தான் நாச்சிமுத்து வாசல் மண்ணைப் பிறாண்டிப் பார்த்திருந்தது. நகம் இறங்கவில்லை.

அந்த நேரத்தில் வாசலில் வாசனை வந்தது. அரை நாழிகை கழித்துச் சுகந்தன் வந்தது. முகத்தில் பழைய தெளிவு திரும்பியிருந்தது. குட்டிகளைப் பார்த்து என்ன படிக்கிறார்கள் என்று விசாரித்தது. பிறகு, காடு முழுவதும் ஒரு தவறான செய்தியால் நஷ்டப்பட்டுக்கொண்டிருக்கிறது என்றும், நாளைக்குப் பங்காளிகள் கூட்டம் போட்டிருப்பதாகவும் சொன்னது. கிடைத்தது உப்புதானா என்று ருசி பார்த்துச் சொல்ல நாணயமான ஒரு நாக்கு வேண்டும் என்றது.

"உங்க நாக்கு சொன்னாக் காடு கேக்கும்ங்ணா. இப்படிச் சொல்லுங்கன்னு நான் உங்களைச் சொல்லலை. நல்லா ருசி பாருங்க. பார்த்துட்டு, குட்டிகளையும் ஒரு தடவை நெனைச்சுட்டு, அப்புறம் சொல்லுங்க."

சுகந்தன் போன பிறகு வஞ்சியம்மாள் குட்டிகளை இழுத்து அருகில் படுக்க வைத்துக்கொண்டது.

கூட்டம் வெண்குன்றின் அடிவாரத்தில் நடந்தது. உடையப்பன் குளித்துவிட்டு, செதில்களைப் பாறையில் தேய்த்துப் பளபளவென்று வந்திருந்தது. தனக்கு மாலை போடத்தான் கூட்டம் கூட்டியிருக்கிறார்கள் என்று அது நினைத்துக்கொண்டிருந்தது. மேடைக்கு அழைத்தபோது கட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போனது. அதை நாச்சிமுத்துவின் முன்னால் நீட்டியபோது அதன் முகத்தில் அப்படியொரு மலர்ச்சி. நல்ல வேளை, உன் கையால் நடக்கிறது என்று மெதுவாகச் சொன்னது.

நாச்சிமுத்து நக்கியது.

உப்பு. அதன் நாக்கு அறிந்த உப்புகளிலேயே ஆகச் சிறந்த உப்பு. எத்தனையோ வருஷத்து மான் கொம்புகளில் துளித்துளியாகத் தேடியது ஒரே நக்கில் தொண்டை வரைக்கும் இறங்கியது. உடம்பில் இருந்த அத்தனை முள்ளும் தானாக எழுந்து நின்றன. கூட்டத்தில் முன்வரிசையில் நின்றவர்கள் பயந்து பின்வாங்கினார்கள்.

"கசக்குது," என்றது நாச்சிமுத்து. "இது சுண்ணாம்பு."

அப்படிக் கசந்தால்தான் முள் அப்படி நிற்கும் என்று யாரோ சொன்னார்கள். கூட்டம் பெருமூச்சு விட்டது. உடையப்பன் மட்டும் அசையாமல் நின்றது. கட்டியை இன்னும் கொஞ்சம் அருகில் நீட்டியது.

"நாச்சிமுத்து, இன்னொரு தரம் நக்கிப் பாருப்பா."

நாச்சிமுத்து தலையை ஆட்டிவிட்டு வேறு பக்கம் பார்த்தது. உடையப்பன் கட்டியைத் தானே ஒரு தடவை நக்கிப் பார்த்தது. அதற்கு எறும்பு ருசி ஒன்றுதான் தெரியும். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பி, எனக்கு நாக்கு போதாது, தெரியாமல் ஓடி வந்துவிட்டேன், உங்களையெல்லாம் கஷ்டப்படுத்திவிட்டேன், மன்னிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. கட்டியை ஓரமாக வைத்தது. மன்னித்தோம் என்று புலி சொன்னது. உப்பு கிடைக்கவில்லை, வெறும் சுண்ணாம்பு என்று ஓர் இலையில் எழுதி எல்லோரும் கால் தடம் பதித்தார்கள்.

பச்சோந்தி பச்சையாகி ஓடியது. கடல் திரும்பவும் குன்றுக்கு அடியில் வந்துவிட்டது. மூன்றாம் நாள் விலை பதினொன்று. நாச்சிமுத்து தன் பதினோரு பங்கையும் விற்றது. நூற்றிருபத்தோரு கிழங்கைச் சுமந்து வர ஒரு காட்டெருமையைக் கூலிக்கு அமர்த்த வேண்டியிருந்தது. கிழங்கை வளைக்குள் அடுக்கிய பிறகு குடும்பத்துக்கு இடம் இல்லை. நான்கும் வாசலில் படுத்தன.

படுத்தபடியே வஞ்சியம்மாள் கேட்டது.

"நெசமாலுமே அது என்னங்க?"

"உப்பு."

வஞ்சியம்மாள் திட்டப் போகிறது என்று நாச்சிமுத்து காத்திருந்தது. திட்டினால் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும் என்றும் அதற்குத் தோன்றியது.

"வாயில ஒட்டுனதையாச்சும் தொடைக்காம வந்திருக்கலாமில்லீங்க," என்றது வஞ்சியம்மாள்.

மறுநாள் உடையப்பன் வந்தது. சுகந்தன் அதை வேலையிலிருந்து நீக்கவில்லை. இன்னும் ஆழமாகத் தோண்டு, எது தட்டுப்பட்டாலும் மேலே கொண்டுவராதே என்று மட்டும் சொல்லியிருந்தது. உடையப்பன் கேட்க வந்தது வேறு. மூலையில் சேர்ந்திருந்த சம்பளக் கிழங்கையெல்லாம் கொடுத்துப் பங்கு வாங்கலாம் என்று இருக்கிறேன், நீ விவரம் தெரிந்தவன், என்ன சொல்கிறாய் என்றது.

நாச்சிமுத்துவால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. வாங்காதே என்றது. ஏன் என்று கேட்டபோது, நீ கண்டுபிடித்தது உப்புதான், நான்தான் பொய் சொன்னேன் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டது. உடையப்பன் அதன் முதுகைத் தடவிக்கொடுக்கப் பார்த்தது. முள் இருந்ததால் தோளைத் தொட்டது.

"நான் மனசொடிஞ்சு போயிருவேன்னு சொல்றே. அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா. நாக்கு உன்னுது, சபையில சொன்னதும் நீ. இலையில எழுதித் தடம் வச்சாச்சு. இப்ப மாத்திச் சொன்னா நான் எதை நம்பறது?"

நாச்சிமுத்து பிள்ளைகள் மேல் சத்தியம் செய்கிறேன் என்றது. பிள்ளைகளை இதில் இழுக்காதே என்று உடையப்பன் கண்டித்துவிட்டு எழுந்தது. நாவல் மரத்தடிக்குப் போய், சேர்த்து வைத்ததையெல்லாம் கொட்டி ஐந்து பங்கு வாங்கியது. பங்கை விற்றவர் யார் என்று அதற்குத் தெரியாது. சுகந்தன் அன்றைக்கு வேறு ஆள் மூலமாக விற்றுக்கொண்டிருந்தது.

சித்திரை பிறந்த நாளில் அறிவிப்பு வரவில்லை. மைனா அலுவலகத்துக்குப் போய்க் கேட்டது. பதில் இல்லை. ஆனால் பொந்திலிருந்து வாசனை வந்துகொண்டிருந்ததால், உள்ளேதான் இருக்கிறார், முக்கியமான வேலையாக இருப்பார் என்று பங்காளிகள் வாசலில் வரிசையாக நின்றார்கள். இரண்டு நாள் நின்றார்கள். மூன்றாம் நாள் வாசனை குறைந்தது. அப்போதுதான் எட்டிப் பார்த்தார்கள். பொந்து சுத்தமாகக் கூட்டிப் பெருக்கியிருந்தது.

பச்சோந்தி ஒரே நாளில் அடிமரத்துக்கு இறங்கி, சம்பளம் கொடுக்க ஆள் இல்லாததால் ஈ பிடிக்கப் போய்விட்டது. பங்கு இலைகளை மான்கள் தின்றுபார்த்துவிட்டுப் பாதியில் துப்பின. புலி எழுந்து உடம்பை உதறி, பக்கத்தில் படுத்திருந்த மான்களைப் பார்த்தது. மான்களுக்கும் பழையதெல்லாம் நினைவுக்கு வந்தது. அன்று மாலையிலிருந்து காடு மறுபடி காடாக நடக்கத் தொடங்கியது.

உடையப்பனுக்கு வந்த நஷ்டத்துக்கு நாச்சிமுத்து கிழங்காகக் கொடுக்க முன்வந்தது. நான் அதைத் தின்னப் போவதில்லையே என்று உடையப்பன் மறுத்துவிட்டது. வைகாசியில் நான்கு மலை தாண்டி ஒரு காட்டிலிருந்து அதற்கு ஓர் ஓலை வந்தது. அங்கே புதிதாக ஒரு வெள்ளிச் சுரங்கக் கம்பெனி தொடங்குகிறார்கள், தலைமைத் தோண்டுநர் வேண்டும், இரண்டு மாதத்துக்கு மேல் தோண்டி எதையுமே கண்டுபிடிக்காதவர் என்று இலையில் எழுதி ஊரே தடம் பதித்துச் சான்று கொடுத்திருப்பதால் தங்களைவிடத் தகுதியானவர் இல்லை என்று எழுதியிருந்தது. ஓலை மணந்தது.

கிளம்புகிற அன்று உடையப்பன் சொல்லிக்கொள்ள வந்தது. நாச்சிமுத்துவுக்குக் கண் கலங்கியது. போகாதே என்று சொல்ல வாயெடுத்தது, எந்த முகத்தோடு சொல்வது என்று நிறுத்திக்கொண்டது.

"அங்கயும் தப்பித் தவறி ஏதாச்சும் கெடைச்சிருச்சுன்னா உன்னத்தான் கூப்பிடோணும்," என்றது உடையப்பன். கேலி செய்யத் தெரியாத பிராணி அது. மனதாரத்தான் சொன்னது.

கோடை உச்சிக்கு வந்தது. நாச்சிமுத்துவின் குடும்பம் வேளைக்கு இரண்டு கிழங்கு தின்றது. உப்பில்லாமல் தின்றது. வெண்குன்றுக் குழி திறந்தேதான் கிடந்தது. ஆனால் அங்கே இருப்பது சுண்ணாம்பு என்று எழுதியிருந்ததால் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. தவறி விழுந்த ஒரு காட்டுப்பன்றி மட்டும் சுவரை நக்கிப் பார்த்துவிட்டு, சுண்ணாம்பு வாயை வேகவைத்துவிடும் என்று அவசரமாகத் துப்பியது. நாச்சிமுத்து தினமும் அந்த வழியாக நடந்து, குழியின் ஓரத்தில் நின்று மூச்சை இழுத்துவிட்டு வந்தது. அதற்குமேல் போக அதற்குத் துணிச்சல் இல்லை. சுண்ணாம்பு என்று சொன்ன நாக்கு அதை நக்குவதை யாராவது பார்த்துவிட்டால் என்ன ஆவது?

கடைசியில் வஞ்சியம்மாள்தான் ஒரு காரியம் செய்தது. பட்டப்பகலில், எல்லோரும் பார்க்க, இரண்டு குட்டிகளையும் அழைத்துக்கொண்டு குழிக்குள் இறங்கியது. என்ன செய்கிறாய் என்று வழியில் போன மான் கேட்டதற்கு, குட்டிகளுக்கு முள் உறுதியாக முளைக்கவில்லை, தினம் பத்து நக்கு சுண்ணாம்பு கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றது. யார் சொன்னார்கள் என்று மான் கேட்கவில்லை. தனக்கும் போன வருஷம் கொம்பு சரியாக முளைக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் பின்னாலேயே இறங்கியது.

மறுநாள் யானைகள் வந்தன, தந்தத்துக்கு நல்லது என்று. ஒரு வாரத்தில் குழியின் வாசலில் வரிசை ஓடையைத் தாண்டிப் போயிற்று. நாச்சிமுத்துவும் ஒரு சீட்டு வாங்கிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி கடைசியில் போய் நின்றது. அதன் முறை வந்து, குழியில் இறங்கி, கண்ணை மூடிக்கொண்டு நக்கியது. அத்தனை முள்ளும் எழுந்து நின்றன. அருகில் நக்கிக்கொண்டிருந்த யானை அதைப் பார்த்துவிட்டு, பாவம், உனக்கு இன்னும் இந்தச் சுண்ணாம்பு பழகவில்லை போலிருக்கிறது என்று பரிவோடு சொன்னது.

நீதி: சுரங்கக் கம்பெனியில் பங்கு வாங்குவதற்கு முன்னால், தோண்டும் இடத்தில் ஒன்றும் இல்லை என்பதை நன்றாக உறுதி செய்துகொள்ளுங்கள். இருந்து தொலைத்துவிட்டால் முதலுக்கே மோசம்.